ஒரு லிட்டர் கார் போதுமா? சின்ன எஞ்சினின் இழுவையை நாமே அளந்து பார்க்கும் முறை

சின்ன கார் வாங்கலாம் என்று பேச்செடுத்ததும் எல்லா வீட்டிலும் எழும் கேள்வி ஒன்றுதான்: "அஞ்சு பேர் உட்கார்ந்து ஏசியும் போட்டா இழுக்குமா?" ஷோரூமில் கேட்டால் தாராளமாக இழுக்கும் என்பார்கள். டீசல் எஸ்யூவி ஓட்டிப் பழகிய உறவினரைக் கேட்டால் மேட்டில் நின்றுவிடும் என்பார். இரண்டையும் ஒதுக்கி வைத்துவிட்டு, நாமே கணக்குப் போட்டு, நாமே ஓட்டிப் பார்த்து முடிவெடுக்கலாம். அதற்கு வேண்டிய எண்களும் சோதனை முறையும் இங்கே.

விடையை முதலிலேயே சொல்லிவிடலாம். ஊருக்குள்ளும் சமவெளி நெடுஞ்சாலையிலும் 1 லிட்டர் பெட்ரோல் எஞ்சினுக்குச் சக்தி போதும், மிச்சமும் இருக்கும். அந்தச் சக்தி எந்த ஆர்பிஎம்மில் (எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை முறை சுற்றுகிறது என்ற அளவு) கிடைக்கிறது என்று தெரியாமல் ஓட்டும்போதுதான் வண்டி திணறுகிறது. முழுச் சுமையோடு அடிக்கடி மலையேறுகிறவர்களுக்கு மட்டும் உண்மையிலேயே போதாது.

இருப்பது எவ்வளவு, தேவை எவ்வளவு

மாருதி ஆல்ட்டோ கே10-ஐ அளவுகோலாக எடுத்துக்கொள்வோம். 998 சிசி, 3 சிலிண்டர், சுமார் 67 பிஎஸ் (குதிரைத் திறன்) சக்தி, 3500 ஆர்பிஎம்மில் 89 நியூட்டன் மீட்டர் டார்க், அதாவது எஞ்சினின் சுழற்று விசை. வேகன் ஆர், செலேரியோ, எஸ்-பிரெஸ்ஸோ ஆகியவற்றின் 1 லிட்டர் மாடல்களிலும் இதே எஞ்சின்தான். ரெனோ க்விட் 1 லிட்டரில் 68 பிஎஸ், 91 நியூட்டன் மீட்டர். ஆனால் அந்த டார்க் முழுதாகக் கிடைப்பது 4250 ஆர்பிஎம்மில். விற்பனை நின்றுவிட்டாலும் பழைய கார் சந்தையில் நிறையக் கிடைக்கும் ஆல்ட்டோ 800-இல் 796 சிசி, 48 பிஎஸ், 69 நியூட்டன் மீட்டர். ஒரு படி மேலே டாடா டியாகோ 1.2 லிட்டரில் 86 பிஎஸ், 113 நியூட்டன் மீட்டர். வேகன் ஆர் 1.2 லிட்டரில் சுமார் 90 பிஎஸ், அதே 113 நியூட்டன் மீட்டர்.

இனி தேவையைப் பார்ப்போம். காரும் ஆட்களும் சேர்ந்து 1100 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். சமதளத்தில் 80 கி.மீ. வேகத்தில் சீராகப் போக, டயர் உராய்வையும் காற்றுத் தடையையும் சமாளிக்கச் சக்கரத்துக்கு வந்து சேர வேண்டியது ஏறக்குறைய 10 பிஎஸ்தான். 100 கி.மீ. வேகத்தில் அது 17 பிஎஸ். 120-இல் 27 பிஎஸ். வேகம் கூடக்கூடக் காற்றுத் தடை அதைவிட வேகமாகக் கூடுவதால்தான் 100-க்கு மேல் சின்ன கார் இரைகிறது, பெட்ரோலையும் குடிக்கிறது. ஆனால் 67 பிஎஸ்ஸில் இது பாதிகூட இல்லை என்பதைக் கவனியுங்கள்.

மலைக்கும் இதே கணக்கு. மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 325 மீட்டர் உயரம், குன்னூர் சுமார் 1850 மீட்டர். 1100 கிலோவை 1500 மீட்டர் உயரத்துக்கு ஒரு மணி நேரத்தில் ஏற்ற, சராசரியாக 6 பிஎஸ் போதும். அப்படியானால் வழியில் பர்லியாறு தாண்டியதும் வண்டி ஏன் முக்குகிறது? சராசரி 6 என்றாலும் கொண்டை ஊசி வளைவில் சில விநாடிகளுக்கு அதைப்போல இரண்டு, மூன்று மடங்கு தேவைப்படும். அந்த நேரம் பார்த்து எஞ்சின் 1300 ஆர்பிஎம்மில் படுத்துக் கிடக்கும்.

சக்தி எங்கே ஒளிந்திருக்கிறது

ஒரு சூத்திரம் போதும்: நியூட்டன் மீட்டரை ஆர்பிஎம்மால் பெருக்கி 7000-ஆல் வகுத்தால் பிஎஸ் கிடைக்கும். கே10 எஞ்சின் 3500 ஆர்பிஎம்மில் 89 நியூட்டன் மீட்டர் தரும்போது கையில் இருப்பது 44 பிஎஸ். அதே எஞ்சின் 1500 ஆர்பிஎம்மில் 70 நியூட்டன் மீட்டர் தருவதாக வைத்தால் 15 பிஎஸ்தான். அதிலும் 2 முதல் 3 பிஎஸ் ஏசி கம்பிரசருக்குப் போய்விடும். மிச்சம் 12. விளம்பரத்தில் 67 என்று படித்துவிட்டு நாம் ஓட்டிக்கொண்டிருப்பது 12 பிஎஸ் வண்டியை.

"மைலேஜ் வேணும்னா சீக்கிரம் டாப் கியருக்கு மாத்து" என்ற அறிவுரை தட்டையான சாலைக்குச் சரி. மேடு, ஓவர்டேக், முழுச் சுமை ஆகிய மூன்றிலும் அதுவே வண்டியைக் கொல்கிறது. ஆக்சிலரேட்டரை அடிவரை மிதித்தும் வேகம் ஏறவில்லை, பானெட்டுக்குள் கடகடவென்று நாக்கிங் சத்தம் கேட்கிறது என்றால் எஞ்சின் கேட்பது கீழ் கியரைத்தான்.

ஆர்பிஎம் மீட்டர் இல்லாத அடிப்படை மாடல்களில் வேகமே உங்கள் மீட்டர். 13 அங்குல டயர் உள்ள 5 கியர் ஆல்ட்டோ வகை வண்டிக்குத் தோராயமான கணக்கு இது. 1000 ஆர்பிஎம்முக்கு முதல் கியரில் 6 அல்லது 7 கி.மீ. வேகம், இரண்டாவதில் 12, மூன்றாவதில் 18, நான்காவதில் 24, ஐந்தாவதில் 31. அப்படியானால் இழுவை நன்றாக இருக்கும் 2000 முதல் 4000 ஆர்பிஎம் வரையிலான பகுதி, இரண்டாவது கியரில் 24 முதல் 48 கி.மீ. வரை, மூன்றாவதில் 36 முதல் 72 வரை, நான்காவதில் 48-க்கு மேல். ஐந்தாவது கியர் 60-க்குக் கீழே வெறும் மைலேஜ் கியர். இந்த எண்களை ஒரு வாரம் மனதில் வைத்து ஓட்டினால் பிறகு காதே சொல்லிவிடும்.

மூன்று சிலிண்டர் எஞ்சின் 3500-ஐத் தாண்டினால் சத்தம் கொஞ்சம் முரடாகவே இருக்கும். எஞ்சின் கெட்டுவிடும் என்று பயந்து பலர் அங்கே போவதே இல்லை. இந்த எஞ்சின்கள் உச்ச சக்தியைத் தருவதே 5500 ஆர்பிஎம்மில். சூடேறிய எஞ்சினுக்குச் சில விநாடிகள் 4500 ஒரு பொருட்டே இல்லை. குறைந்த ஆர்பிஎம்மில் முழு ஆக்சிலரேட்டர் கொடுத்து உதறவிடுவதுதான் பிஸ்டன், எஞ்சின் மவுன்ட், கிளட்ச் மூன்றுக்கும் கெடுதல்.

உங்கள் சுமைக்கு உங்கள் கணக்கு

வண்டியின் பதிவுச் சான்றான ஆர்சியில் அன்லேடன் வெயிட் என்று வெற்று எடை இருக்கும். அதோடு வழக்கமாக ஏறும் ஆட்களின் எடையையும் சாமான் எடையையும் கூட்டுங்கள். மொத்தத்தை டன்னாக மாற்றி, அதனால் பிஎஸ்ஸை வகுத்தால் ஒரு டன்னுக்கு எத்தனை பிஎஸ் என்று வரும். ஷோரூம் தாளில் உள்ள எந்த எண்ணையும்விட இது பயனுள்ளது.

ஐந்து பேரும் ஒரு பையும் சேர்த்து 350 கிலோ என்று கொள்வோம். ஆல்ட்டோ கே10-இன் வெற்று எடை சுமார் 750 கிலோ, மொத்தம் 1100, டன்னுக்கு 61 பிஎஸ். வேகன் ஆர் 1 லிட்டர் சற்றுக் கனம் என்பதால் 57. வேகன் ஆர் 1.2 ஏறக்குறைய 76. டியாகோவில் 86 பிஎஸ் இருந்தாலும் அதன் சொந்த எடையே 950 கிலோவுக்கு மேல் என்பதால் முழுச் சுமையில் 65 அளவில்தான் வரும். கே10-க்கும் டியாகோவுக்கும் இழுவையில் பெரிய இடைவெளி இருக்கும் என்று நினைத்து அதிகம் செலவழிக்கிறவர்கள் இந்த இடத்தில் நிதானிக்க வேண்டும். டியாகோவில் கிடைப்பது உறுதியும் நெடுஞ்சாலை நிதானமும். இழுவையில் கூடுதலாகக் கிடைப்பது கொஞ்சம்தான். ஆல்ட்டோ 800 முழுச் சுமையில் 44.

எங்கள் கணிப்பு இப்படி. 55-க்கு மேல் இருந்தால் அன்றாட வேலை எதற்கும், எப்போதாவது மலைக்கும் கவலையில்லை. 45 முதல் 55 வரை என்றால் கியரைச் சரியாகப் போட்டு ஓட்டத் தெரிய வேண்டும்; தெரிந்தால் சிக்கல் இல்லை. 45-க்குக் கீழ் என்றால் ஊருக்குள் ஓட்டுங்கள், மலைக்கு ஆளைக் குறையுங்கள். இந்தக் கணக்கை யோசிக்காமல் ஐந்து பேருக்கே போட வேண்டாம். வருடத்தில் பெரும்பாலும் இரண்டு பேர்தான் போகிறீர்கள் என்றால் ஆல்ட்டோ 800-கூட 54-க்கு ஏறிவிடும்.

கூரை மேல் கேரியர் போட்டுச் சாமான் ஏற்றினால் எடையோடு காற்றுத் தடையும் கூடும். இன்னொன்று: கே10-க்கு அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 1170 கிலோ. ஐந்து கனத்த ஆட்களும் நாலு பெட்டியும் ஏறினால் அதைத் தொட்டுவிடும். அதற்கு மேல் ஏற்றினால் இழுவையைவிடப் பிரேக்குக்கும் டயருக்கும்தான் முதல் ஆபத்து.

டெஸ்ட் டிரைவை இப்படிச் செய்யுங்கள்

விற்பனைப் பிரதிநிதி பக்கத்தில் உட்கார, காலை 10 மணிக்குக் காலிச் சாலையில் இரண்டு கிலோமீட்டர் ஓட்டுவதில் எதுவும் தெரியாது. மதியம் 1 மணிக்கு நேரம் கேளுங்கள். உங்கள் வீட்டு ஆட்களையே ஏற்றுங்கள். குறைந்தது நான்கு பேர். ஏசியைக் குளிர் உச்சத்தில், ஃபேனை நான்கில் வைத்துக் கண்ணாடிகளை ஏற்றிவிடுங்கள்.

முதல் சோதனை வேகத்தடை. இரண்டாவது கியரில் 12 முதல் 15 கி.மீ. வேகத்தில் தடையைக் கடந்ததும் கிளட்ச் தொடாமல் ஆக்சிலரேட்டரைப் பாதி வரை மெதுவாக அழுத்துங்கள். உதறாமல் எழுந்து போக வேண்டும். ஊருக்குள் நாளைக்கு நாற்பது, ஐம்பது முறை இதைத்தான் செய்யப் போகிறீர்கள். அதனால் எங்கள் பார்வையில் எல்லாச் சோதனையிலும் முக்கியமானது இதுதான். ஒவ்வொரு வேகத்தடைக்கும் முதல் கியர் கேட்கும் வண்டி, நூறு கி.மீ. வேகத்தில் எவ்வளவு நன்றாகப் பறந்தாலும் உங்களைச் சோர்வாக்கிவிடும்.

இரண்டாவது சோதனைக்கு ஆள் இல்லாத நேரான சாலை வேண்டும். மூன்றாவது கியரில் 35 கி.மீ. வேகத்தில் சீராகப் போய், ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்து, 70 வரும்வரை பக்கத்தில் இருப்பவரைச் செல்போன் ஸ்டாப்வாட்சில் அளக்கச் சொல்லுங்கள். நான்கைந்து பேரோடும் ஏசியோடும் 1 லிட்டர் வண்டிக்கு 10, 11 விநாடி நியாயமான அளவு. 14-ஐத் தாண்டினால் அந்த வண்டியில் ஏதோ கோளாறு, அல்லது உங்கள் சுமைக்கு அது சிறிது. ஒரே சாலையில் திரும்பி வந்தும் அளந்து சராசரி எடுங்கள். கண்ணுக்குத் தெரியாத சரிவுகூட இரண்டு விநாடி வித்தியாசம் காட்டும்.

மூன்றாவது, வணிக வளாகத்தின் அடித்தளப் பார்க்கிங்கிலிருந்து மேலே வரும் சரிவு. அது பெரும்பாலான மலைச் சாலைகளைவிடச் செங்குத்து. பின்னால் வண்டி இல்லாத நேரத்தில் பாதிச் சரிவில் நிறுத்தி ஹேண்ட் பிரேக் போடுங்கள். முதல் கியரில் கிளட்சை மெல்ல விட்டு, வண்டியின் முன்பக்கம் லேசாக அமுங்கி எஞ்சின் சத்தம் தாழ்ந்ததும் ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் கூட்டி ஹேண்ட் பிரேக்கை விடுங்கள். பின்னால் உருளாமல் ஏறினால் தேர்ச்சி. ஏசி போட்டு ஒருமுறை, அணைத்து ஒருமுறை செய்தால் கம்பிரசர் எவ்வளவு தின்கிறது என்பது கையில் தெரியும். இரண்டு முறைக்கு மேல் வேண்டாம், கிளட்ச் சூடாகும்.

கிளட்ச் பெடல் இல்லாமல் கியரைத் தானே மாற்றிக்கொள்ளும் ஏஎம்டி வண்டி என்றால் இந்த மூன்றாவது சோதனை கட்டாயம். ஏஎம்டியில் கிளட்சை இயக்குவது ஒரு மோட்டார். பிரேக்கிலிருந்து காலை எடுத்ததும் வண்டி சற்றுப் பின்னால் உருளலாம். ஹில் அசிஸ்ட் வசதி இருந்தால் ஓரிரு விநாடி பிடித்துக்கொள்ளும். ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்தபடி மேட்டில் வண்டியை நிறுத்தி வைக்கும் பழக்கம் ஏஎம்டிக்கு விஷம். கிளட்ச் பாதி பிடித்தபடி தேய்ந்து, சூட்டு எச்சரிக்கை வந்துவிடும். நிற்கும்போது பிரேக், நகரும்போது மட்டும் ஆக்சிலரேட்டர்.

ஓவர்டேக்: கணக்கு இல்லாமல் இறங்காதீர்கள்

இருவழிச் சாலையில் 50 கி.மீ. வேகத்தில் போகும் 12 மீட்டர் பஸ்ஸை 70-இல் கடக்க வேண்டும். பஸ்ஸின் நீளம், உங்கள் காரின் நீளம், முன்னும் பின்னும் 20 மீட்டர் இடைவெளி சேர்த்தால் பஸ்ஸைவிட 55 மீட்டர் கூடுதலாக ஓட வேண்டும். வேக வித்தியாசம் 20 கி.மீ. என்றால் 10 விநாடி ஆகும். அந்த 10 விநாடியில் நீங்கள் 194 மீட்டர் போயிருப்பீர்கள். எதிரே 70-இல் வருபவரும் அதே 194 மீட்டர் வந்திருப்பார். ஆக, ஏற்கெனவே 70-ஐ எட்டியிருந்தால்கூட 400 மீட்டர் காலியாக இருக்க வேண்டும்.

50-லிருந்து 70-ஐ எட்டும் நேரம் இதற்கு மேல். ஐந்தாவது கியரில், அதாவது சுமார் 1600 ஆர்பிஎம்மில், முழுதாக மிதித்தாலும் அதற்கே 13 முதல் 15 விநாடி ஆகும் என்கிறது கணக்கு. மூன்றாவது கியரில் அதே வேலை 5, 6 விநாடியில் முடியும். வண்டி ஒன்றுதான், எஞ்சினும் ஒன்றுதான்.

ஆகவே செய்முறை இது. பஸ்ஸை ஒட்டிப் போகாமல் மூன்று விநாடி தூரம் பின்னால் இருங்கள். அப்போதுதான் எதிர்ச்சாலை தெரியும், முடுக்கவும் இடம் கிடைக்கும். வெளியே வருவதற்கு முன்பே மூன்றாவது கியருக்கு இறங்குங்கள். நடுச் சாலையில் கியர் மாற்றக் கூடாது. சாலை காலி என்று உறுதியானதும் உங்கள் பாதையிலேயே முடுக்கத் தொடங்கி, வேகம் எடுத்தபின் வெளியே வாருங்கள். 75 வரை மூன்றாவதிலேயே வைத்திருங்கள். ஏசியை அணைப்பது கொஞ்சம் உதவும், ஆனால் அதற்காகக் கண்ணைச் சாலையிலிருந்து எடுக்க வேண்டாம். ஆக்சிலரேட்டர் முழுதாக மிதிபட்டால் பல சின்ன கார்களில் கம்ப்யூட்டரே கம்பிரசரைச் சற்று நேரம் துண்டித்துவிடும். 80-இல் போகும் லாரியைத் தாண்ட நினைத்தால் கணக்கே மாறிவிடும். முழுச் சுமையில் அதை நான்குவழிச் சாலைக்கு விட்டுவிடுங்கள்.

மலைப்பாதை

ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள், திம்பத்துக்கு 27, ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40, கொல்லிமலைக்கு 70. எல்லாவற்றிலும் சின்ன கார்கள் தினமும் ஏறி இறங்குகின்றன. ஏறுவதில் சந்தேகம் வேண்டாம். எப்படி ஏறுவது என்பதில்தான் விஷயம்.

முழுச் சுமையில் 12 சதவீதச் சரிவில் கே10 ஏற, சக்கரத்தில் ஏறக்குறைய 1500 நியூட்டன் விசை வேண்டும். இரண்டாவது கியரில் 16 கி.மீ. வேகத்தில், ஏசியோடு, அந்த வண்டியால் தர முடிவதும் ஏறக்குறைய அவ்வளவே. கைக்கும் வாய்க்குமான நிலை. எதிரே பஸ் வந்து ஒரு கணம் வேகம் குறைந்தால் வண்டி நின்றுவிடும். முதல் கியரில் அதைப்போல இரண்டு மடங்குக்கு நெருக்கமான விசை உண்டு. எனவே வளைவுக்குள் 15-க்குக் கீழே போக நேர்ந்தால் தயங்காமல் முதல் கியர். அதையும் வளைவுக்குள் நுழையும் முன்பே போட வேண்டும். வளைவின் நடுவில் கிளட்சை மிதித்தால் இருக்கும் வேகமும் போய்விடும்.

நம் ஊரில் இடப்பக்கம் ஓட்டுவதால், ஏறும்போது இடப்பக்கம் திரும்பும் கொண்டை ஊசிகளில் நீங்கள் உள்வட்டத்தில் இருப்பீர்கள். அங்கே சாலை குறுகிய தூரத்தில் அதே உயரத்தை ஏறுவதால் சரிவு மிகக் கூடுதல். வலப்பக்கம் திரும்பும் வளைவில் வெளிவட்டம். சரிவு மென்மையாக இருக்கும். ஆகவே இடப்பக்க வளைவு வரும்போது ஏசியை முன்கூட்டியே அணைத்து, ஒரு கியர் கீழே இறங்கித் தயாராக இருங்கள். ஹாரன் அடித்து, எதிரே யாரும் வரவில்லை என்று தெரிந்தால் மட்டும் சற்று அகலமாக எடுக்கலாம்.

உயரம் கூடக்கூடக் காற்று அடர்த்தி குறைந்து, டர்போ (காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் கருவி) இல்லாத எஞ்சினின் சக்தியும் குறையும். 1000 மீட்டருக்குச் சுமார் 10 சதவீதம். ஊட்டி 2240 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே 67 பிஎஸ் வண்டி 52 பிஎஸ் அளவில்தான் இருக்கும். நல்ல வேளையாக அங்கே ஏசி தேவைப்படாது.

ஹாஃப் கிளட்சில் வண்டியைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நகர்வதுதான் மலையில் சின்ன கார்கள் படுத்துவிடுவதற்கு முதல் காரணம். ரப்பர் கருகுவது போன்ற காரமான நெடி வந்தால் அது கிளட்ச் தட்டு. உடனே ஓரமான, தட்டையான இடத்தில் நிறுத்தி, நியூட்ரலில் 20, 30 நிமிடம் ஆறவிடுங்கள். நெடியோடு தொடர்ந்து ஏறினால் தட்டு மெருகேறிப் பிடிமானம் போய், வீடு திரும்பியதும் முழு கிளட்ச் செட்டும் மாற்ற வேண்டி வரும். டெம்பரேச்சர் விளக்கு சிவப்பானால் ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. எஞ்சினை அணைத்து முழுதாக ஆறவிடுங்கள்.

இறங்கும்போது, ஏறியபோது போட்ட அதே கியர். நியூட்ரலில் உருட்டினால் எஞ்சினே வேகத்தைப் பிடித்து வைக்கும் எஞ்சின் பிரேக்கிங் போய், முழு வேலையும் சின்ன டிஸ்க் பிரேக்கின் தலையில் விழுகிறது. அது சூடேறிப் பிடிக்காமல் போகும். எஞ்சினையே அணைத்து இறங்குவது அதைவிட மோசம். பிரேக்குக்கு உதவும் வாக்குவம் இரண்டு மூன்று மிதியில் தீர்ந்துவிடும், ஸ்டியரிங்கும் கனத்துவிடும்.

சிஎன்ஜி வண்டி என்றால்

கே10 சிஎன்ஜி எரிவாயுவில் ஓடும்போது சுமார் 57 பிஎஸ், 82 நியூட்டன் மீட்டர். சக்தி பெட்ரோலைவிட 15 சதவீதம் குறைவு. சிலிண்டரால் எடை 90 கிலோ அளவுக்குக் கூடும். ஐந்து பேரோடு டன்னுக்கு 48 பிஎஸ். ஊருக்குள் ஓட இது பழகிவிடும். மேம்பாலத்திலும் நெடுஞ்சாலை ஓவர்டேக்கிலும் ஒரு கியர் கூடுதலாக இறங்க வேண்டும். மலையடிவாரத்தில் சுவிட்சைத் தட்டிப் பெட்ரோலுக்கு மாறிவிடுங்கள். அதற்காகவே டேங்கில் எப்போதும் 10 லிட்டராவது இருக்கட்டும்.

முன்பு இழுத்த வண்டி இப்போது இழுக்கவில்லையா

எஞ்சின் சின்னது என்று பழி போடும் முன் இவற்றைப் பாருங்கள். செலவு குறைந்ததிலிருந்து தொடங்குவதே சரி.

டயர் காற்று. ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் முழுச் சுமைக்கான அளவு தனியாக இருக்கும். டயர் ஆறியிருக்கும்போது அதன்படி அடியுங்கள். அழகுக்காக அகலமான, உயரமான டயர் போட்டிருந்தால் அதுவும் காரணம்தான்: 145/80 ஆர்13 இருந்த இடத்தில் 155/80 போட்டால் சுற்றளவு 3 சதவீதம் கூடி, ஒவ்வொரு கியரும் அந்த அளவுக்கு இழுவை இழக்கும்.

பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறதா என்று அடுத்துப் பாருங்கள். 10 கிலோமீட்டர் பிரேக் அதிகம் போடாமல் ஓட்டிவிட்டு, நான்கு சக்கரங்களின் ரிம் அருகே கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் அனல் அடித்தால் காலிப்பர் பின் இறுகியிருக்கிறது, அல்லது பின்பக்க டிரம்மில் ஹேண்ட் பிரேக் கேபிள் திரும்பவில்லை. சமதளத்தில் நியூட்ரலில் ஒரு ஆள் தள்ளினால் சின்ன கார் எளிதாக உருள வேண்டும்.

ஏர் ஃபில்டரைக் கழற்றி வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். மண் சாலையில் ஓடும் வண்டிக்குச் சர்வீஸ் கால அளவுக்கு முன்பே அடைத்துவிடும். காற்றடித்து இரண்டாம் முறையும் ஓட்டுவதில் லாபம் இல்லை, மாற்றுங்கள். அதோடு த்ராட்டில் பாடியில் கரி படிந்திருந்தால் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். ஏசி போட்டதும் ஐடிலிங் தடுமாறும் வண்டிகளில் பாதி இதிலேயே சரியாகும். ஸ்பார்க் பிளக் மூன்றையும் சேர்த்தே மாற்ற வேண்டும். மூன்று சிலிண்டர் எஞ்சினில் ஒரு பிளக்கோ ஒரு இக்னிஷன் காயிலோ போனால் மூன்றில் ஒரு பங்கு சக்தி போய்விடும். உதறலோடு செக் எஞ்சின் விளக்கு சிமிட்டும். அப்படிச் சிமிட்டும்போது ஓட்டினால் எரியாத பெட்ரோல் சைலன்சருக்குள் போய் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரை எரித்துவிடும், அதன் விலை மிக அதிகம்.

கிளட்ச் நழுவுகிறதா என்பதற்கு நான்காவது கியரில் 45 கி.மீ. வேகத்தில் மேட்டில் முழுதாக மிதியுங்கள். எஞ்சின் சத்தம் மட்டும் ஏறி வேகம் ஏறாவிட்டால் தட்டு தேய்ந்துவிட்டது.

இத்தனைக்குப் பிறகும் மந்தமாக இருந்தால் கம்ப்ரெஷன் டெஸ்ட். பழைய வண்டி வாங்குகிறவர்கள் இதை வாங்கும் முன்பே செய்துகொள்வது நல்லது. எஞ்சினைச் சூடாக்கி, பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டராக அளப்பார்கள். மாருதி எஞ்சின்களில் சிலிண்டருக்குச் சிலிண்டர் வித்தியாசம் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோவைத் தாண்டக் கூடாது. தாண்டினால் வால்வோ பிஸ்டன் ரிங்கோ போயிருக்கிறது. அந்த வண்டிக்கு விலை பேசவே வேண்டாம். அதிக ஆக்டேன் பெட்ரோல், ஊக்கித் திரவங்கள், இக்னிஷன் பெட்டி என்று விற்கப்படுபவை இந்த எஞ்சின்களுக்கு இழுவையைக் கூட்டாது. பணத்தை நல்ல டயருக்குச் செலவழியுங்கள்.

யார் பெரிய எஞ்சின் எடுக்க வேண்டும்

வாரம் ஒருமுறையாவது நான்கைந்து பேரோடு மலையேறுகிறவர்கள், நீலகிரியிலோ கொடைக்கானலிலோ குடியிருப்பவர்கள், சாமான் ஏற்றித் தொழில் செய்பவர்கள், இருவழிச் சாலையில் தினம் நூறு கிலோமீட்டர் ஓடுகிறவர்கள்: இவர்களுக்கு 1.2 லிட்டர்தான். பணம் இடம் கொடுத்தால் சின்ன டர்போ பெட்ரோல் இன்னும் நல்லது, உயரத்திலும் அது அவ்வளவாகச் சோர்வதில்லை. இருவர் மட்டும் ஊருக்குள்ளேயே ஓட்டப் போகிறீர்கள் என்றால் பிஎஸ் எண்ணைப் பார்த்துப் பயப்படாதீர்கள். எம்ஜி காமெட் என்ற குட்டி மின்சார கார் வெறும் 42 பிஎஸ்தான். ஆனால் மோட்டாரின் 110 நியூட்டன் மீட்டரும் நின்ற இடத்திலிருந்தே கிடைப்பதால் சிக்னலில் அது 67 பிஎஸ் பெட்ரோல் காரைவிடச் சுறுசுறுப்பாகத் தோன்றும்.

மற்ற எல்லோருக்கும், குறிப்பாக வாரத்தில் ஆறு நாள் ஒன்றிரண்டு பேரோடு அலுவலகம், பள்ளிக்கூடம், கடைத்தெரு என்று ஓடி, வருடத்துக்கு ஒருமுறை குடும்பத்தோடு மலைக்குப் போகிறவர்களுக்கு, 1 லிட்டர் மேனுவல் போதும். வண்டி வந்த முதல் வாரத்திலேயே ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை காலியான மேம்பாலத்தில் இரண்டாவது, மூன்றாவது கியர்களை 4000 ஆர்பிஎம் வரை இழுத்துப் பழகிக்கொள்ளுங்கள். புதிய எஞ்சின் என்றால் கையேட்டில் சொல்லியுள்ள ரன்னிங் இன் தூரம், அதாவது மிதமாக ஓட்டிப் பழக்க வேண்டிய தொடக்க தூரம், முடிந்த பிறகு.